அந்த ஒண்ணரை நிமிசம்

காலை நீட்டிக்கங்க, பரவால்லீங்க. சாக்குல என்னங்க, கம்பியா? கனமா இடிச்சுது. இருக்கட்டும், சீட்டுக்கடியிலயே கெடக்கட்டும். நான் என்ன ஏதுன்னு கேக்கற ஆளில்லீங்க. பஸ்ஸுல ஏறி உக்காந்ததும் என்ன தொழிலு, எத்தன கொழந்தைன்னு ஆரம்பிக்கறாங்க பாருங்க, அந்தப் பழக்கமே எனக்கு ஆகாது. எனக்குக் காங்கேயம். நீங்க? பொங்கலூரா. செரி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது.

இதுங்களா? என் பக்க நியாயத்த எழுதிப் பிரிண்ட் எடுத்த பேப்பருங்க. பதினாலு பக்கம். காங்கேயத்துல ஒரு புள்ள இருக்குது, அது கையில கொண்டுபோய்க் கொடுத்து, "படி, படிச்சுட்டு என் பேர எடு"ன்னு சொல்லப் போறன். எதுல இருந்து எடுக்கறதுன்னு கேக்கறீங்களா? சொல்றன். உங்களுக்குக் கம்ப்யூட்டரு தெரியுமுங்களா? தெரியாதா? நல்லது. தெரிஞ்சவங்களாலதான் இப்பத் தொல்லையே.

லினக்ஸுன்னு ஒண்ணு இருக்குதுங்க. கம்ப்யூட்டர ஓட்டறது. ஓசி. ஓசின்னதும் எளக்காரமா நெனைக்காதீங்க, பெரிய பெரிய மிசினெல்லாம் அதுலதான் ஓடுது. அதைப் பல கூட்டம் பல விதமாத் தொகுத்துக் கொடுக்குது. டிஸ்ட்ரோம்பாங்க. அப்படி ஒரு டிஸ்ட்ரோவுல நான் பதினோரு வருசமா மெயின்டெய்னர். யாரோ ஒருத்தர் வீட்ல உக்காந்து ஒரு லைப்ரரி எழுதுவாங்க. பொஸ்தகம் அடுக்கற லைப்ரரி இல்லீங்க. மத்தவங்க எடுத்துத் தங்க வேலைக்குப் போட்டுக்கற மாதிரி தயாரா எழுதி வச்ச புரோகிராம். எழுதறவன் கண்ட மாதிரி எழுதி வச்சிருப்பான். அதை நான் வாங்கி, சுத்தம் பண்ணி, சோதிச்சு, பேக்கேஜ் பண்ணி, மேல என் பேரப் போட்டு அனுப்பினாத்தான் ஒலகத்துக்குப் போகும். பலகாரம் யாரு வேணாலும் சுடலாமுங்க. ஈ மொய்க்காமப் பொட்டலம் கட்டத் தெரியணும்.

சம்பளமா? கெடையாது. காலேஜுல சிஸ்டம் அட்மின் வேலை, அது வேற. இதுல பேருதான். "மெயின்டெய்னர்: தெய்வசிகாமணி"ன்னு வரும். ஜெர்மனிக்காரன் அதைப் படிப்பான், ஜப்பான்காரன் படிப்பான். எங்க காலேஜ் பிரின்ஸ்பாலுக்கு அது என்னன்னே தெரியாது. தெரியற மூஞ்சியா அது?

இந்தப் புள்ள பேரு கோகிலவாணி. டிப்ளமாங்க. பி.ஈ. கூட இல்ல. எலக்ட்ரிகல் டிப்ளமா. வீட்டுக்காரரு தேங்காக்களம் வச்சிருக்காரு. கொப்பரை காயப் போட்ட நேரம் போக மிச்ச நேரத்துல ஒரு லைப்ரரி எழுதிருக்குது. தோட்டத்து மோட்டார ஓட்டறது. மோட்டார் ரூம்ல கையகலத்துல ஒரு கம்ப்யூட்டர் பொட்டிய மாட்டிட்டா, த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் மோட்டாரு தானா ஓடும், போர்ல தண்ணி கொறைஞ்சா தானா நிக்கும். அதுக்கு அது வச்ச பேரு என்ன தெரியுங்களா? "வாய்க்கா". வாய்க்கால்னு கூட இல்ல, வாய்க்கா. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

ஆனா செரின்னு எடுத்தன். எதுக்குன்னா, எங்கண்ணன் தோட்டம் உங்க பொங்கலூருக்குத் தெக்கத்தான் இருக்குது. நடுச்சாமத்துல கரண்டு வந்தா எந்திரிச்சு ஓடி மோட்டாரு போட்டுட்டு இருந்தாரு. என்ர பேக்கேஜ ஒரு பொட்டியில போட்டு நானே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தன். "தம்பி போட்டுக் கொடுத்தது"ன்னு ஊரு பூரா காட்டுனாரு. அதப் பாத்து அக்கம்பக்கத்துல ஒரு முப்பது பேரு மாட்டுனாங்க. எல்லாம் என்ர பேக்கேஜுதான். சும்மா சொல்லக் கூடாது, ரெண்டு வருசம் நல்லாத்தான் ஓடுச்சு.

போன மாசி மாசத்துல எங்க டிஸ்ட்ரோவுல புது வெளியீடு. வெளியீட்டுக்கு முன்னால ஒரு நாள் குறிச்சு கதவச் சாத்திருவாங்க. அதுக்குள்ள பேக்கேஜு உள்ள போகலைன்னா ரெண்டு வருசத்துக்கு வெளியதான். இந்தத் தடவ ஞாயித்துக்கெழம சாத்தறாங்க. இந்தப் புள்ள சாவகாசமா அதுக்கு ஒம்பது நாளைக்கு முன்னால புதுப் பதிப்ப உட்டுருக்குது. எடுத்து எங்க மிசின்ல போட்டன். மிசினு என்ன பண்ணும், லைப்ரரியோட வர்ற சோதனையெல்லாம் ஒவ்வொண்ணா ஓட்டிப் பாக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள முடியலைன்னா, தேறாதுன்னு தூக்கிப் போட்டுரும். "வாய்க்கா" முடியவே இல்லீங்க. ஏன்னு தோண்டிப் பாத்தா, கரண்டு வந்தது தெரிஞ்சதும் மோட்டாரப் போடாம இவ புரோகிராமு ஒண்ணரை நிமிசம் சும்மா நிக்குது. சும்மா! நாப்பத்தஞ்சு சோதனை, ஒவ்வொண்ணுலயும் ஒண்ணரை நிமிசம் நிக்குது.

கம்ப்யூட்டருக்கு ஒரு செகண்டுங்கறது ஒரு யுகமுங்க. ஒண்ணரை நிமிசம் சும்மா நின்னா அது புரோகிராமா? காப்பிக் கடைக்குப் போயிருக்குதா?

அதுக்கு மேல கமெண்ட் ஒண்ணு. கமெண்ட்டுன்னா படிக்கறவங்களுக்கு எழுதி வைக்கற குறிப்பு. அத இங்கிலீசுலதான் எழுதணும், அதான் மொற. இவ தமிழ்ல எழுதிருக்கா. என்னன்னு? "இதைத் தொடாதீங்க. கரண்டு வந்த உடனே ஆடும். கொஞ்சம் அடங்கட்டும்." ஆடுதாம்! அடங்கணுமாம்! கோயில்ல சாமி வந்து ஆடற மாதிரி. இத நான் ஜெர்மனிக்காரனுக்கு எப்படிக் காட்டறது? மானம் போயிரும்.

இருந்தாலும் நான் மொறைப்படி போற ஆளு. எழுதிக் கேட்டன். "இந்தத் தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் என்ன?"ன்னு. நாலு நாளு பதிலே இல்ல. வெள்ளிக்கெழம பொழுதோட ரெண்டு வரி வருது. "அண்ணா, அந்த ஒண்ணரை நிமிசத்த மட்டும் எடுத்துராதீங்க. பாப்பாவுக்குக் காதுகுத்து, ஒறம்பரை வந்திருக்காங்க. திங்கக்கெழம விளக்கமா எழுதறேன்."

அண்ணாவாம். ஒலகமே பாக்கற எடத்துல அண்ணா! ஞாயித்துக்கெழம கதவு சாத்தறாங்க, இவ காதுகுத்துங்கறா. நீங்களே சொல்லுங்க, நான் திங்கக்கெழம வரைக்கும் காத்திருக்க முடியுமா?

எடுத்துட்டன். சோதனையில மட்டும் எடுக்கற மாதிரியும் பண்ணலாமுங்க, அதுக்கு இன்னும் ரெண்டு நாள் வேல. நேரமில்ல. அதனால லைப்ரரியிலயே எடுத்துட்டன். ஒரே ஒரு எண்ணு. தொண்ணூறுன்னு இருந்தது, சைபர்னு போட்டன். மேல இருந்த தமிழ்க் கமெண்ட்டையும் அழிச்சுட்டு, "தேவையற்ற தாமதம் நீக்கம்"னு இங்கிலீசுல சுத்தமா எழுதுனன். நாப்பத்தஞ்சு சோதனையும் பதினோரு செகண்டுல முடிஞ்சுது. பதினோரு செகண்டுங்க! அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசம்... வீட்ல பாயசம் வைக்கச் சொன்னன். எதுக்குன்னு வீட்டம்மாவுக்குப் புரியல. புரிய வைக்கவும் முடியாது.

டிக்கெட்டா? எடுத்தாச்சுங்க கண்டக்டர், காங்கேயம் ஒண்ணு. கொடுத்த டிக்கெட்ட அவரே மறந்துட்டுக் கேக்கறாரு பாருங்க. இவங்கெல்லாம் கவர்ன்மெண்டு உத்தியோகம்.

எங்க உட்டன்? ஆங், வெளியீடு ஆச்சு. சித்திரை பொறந்துச்சு. ஆரம்பிச்சுட்டாங்க. உடுமலப்பேட்டையில இருந்து ஒருத்தன் எழுதறான், புதுப் பதிப்பு போட்டதுல இருந்து மோட்டாரு கருகுதுன்னு. நான், "இது ஹார்டுவேர்க் கோளாறு, எங்க வேலையில்ல"ன்னு எழுதிப் புகார மூடிட்டன். ரெண்டாவது ஒருத்தன் எழுதறான். "இது முன்னாடியே வந்த புகாரு"ன்னு சொல்லி அதையும் மூடுனன். மூணாவது ஆளு தமிழ்லயே எழுதிருக்கான், ஒரு பக்கத்துக்கு. "தயவுசெய்து ஆங்கிலத்தில் எழுதவும்"னு பதில் போட்டு மூடுனன். அதுக்கப்பறம் அந்தாளு எழுதவே இல்ல. அவ்வளவுதான் அவிய ஆர்வம்.

இந்தப் புள்ள மட்டும் உடல. "அண்ணா, ஒண்ணரை நிமிசத்தத் திருப்பி வைங்க." தெனமும். நான் சொன்னன், ஒரு தடவ வெளியீடு ஆனதுல சும்மா சும்மா கைய வைக்க முடியாது, ஆதாரம் வேணும்னு. அதுக்கு அது கருகிப்போன மோட்டாரு போட்டோவா அனுப்புது. கருப்புக் கம்பிய நான் வச்சு என்ன பண்றது? புரோகிராமுல தப்பக் காட்டுன்னா, கரியக் காட்டறா.

அப்பறம் எங்க டிஸ்ட்ரோ கமிட்டிகிட்டப் போயிட்டா. அங்க உக்காந்திருக்கற பெரிய மனுசங்க ஒரு வாரத்துல ஒண்ணரை நிமிசத்தத் திருப்பி வச்சு, "வாய்க்கா" பேக்கேஜ எங்கிட்ட இருந்து புடுங்கி, போன வருசம் சேந்த ஒரு பையனுக்குக் கொடுத்துட்டாங்க. பதினோரு வருசமுங்க! ஒரு வார்த்த கேக்கல. அதோட உட்டாளா? இன்டர்நெட்டுல அவ லைப்ரரியோட மொதப் பக்கத்துல, தமிழ்லயும் இங்கிலீசுலயும் எழுதி வச்சிருக்கா: "தெய்வசிகாமணி என்பவர் ஒண்ணரை நிமிசத்தை எடுத்துவிட்ட பதிப்பை யாரும் ஓட்டாதீர்கள். மோட்டார் கருகிவிடும்." என்பவராம்! அப்ப அண்ணா, இப்ப என்பவர்.

அந்த வரியத்தான் எடுக்கச் சொல்லப் போறன். இன்னிக்கே எடுத்தாகணும். ஏன்னா... அது வந்துங்க, எங்கண்ணன் மக பாலிடெக்னிக் படிக்குது. நாளைக்கு லீவுக்கு வீட்டுக்கு வருது. "சித்தப்பா, அந்தப் பொட்டியில என்ன ஓடுதுன்னு நானே படிச்சுப் பாக்கறேன்"னு போன்ல சொல்லிருச்சு. பாத்தா மொதல்ல கண்ணுல படறது அந்த வரிதான். சின்னப் புள்ளைக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் புரியுமா? உடனே அப்பன்கிட்டப் போய்ச் சொல்லும்.

எங்கண்ணன் மோட்டாருங்களா? ஆமாங்க, அதுவும் கருகுச்சு. ரெண்டு தடவ. சித்திரையில ஒரு தடவ, போன மாசம் ஒரு தடவ. ஆனா அது வேற கதைங்க. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

அது அந்த மோட்டாருக்குக் காயில் கம்பி சுத்திக் கட்டறவன் வேல. உங்க ஊருல எவனோ ஒருத்தன் இருக்கானாம். பேரு கூடத் தெரியாது. தரமில்லாத கம்பியப் போட்டுக் கட்டிருப்பான். இவனுங்களுக்கெல்லாம் படிப்பா பாடா? ஒருத்தன் கட்டறதப் பாத்து இன்னொருத்தன் கட்டறான். அண்ணன் எனக்குப் போன் பண்ணி, "ஏன்டா, ஒருவேள பொட்டியில ஏதாச்சும் கோளாறா இருக்குமா?"ன்னாரு. நான் சொன்னன், "அண்ணா, பொட்டி ஒலகத்தரம். நீ அந்தக் காயில்காரன் சட்டையப் புடி"ன்னு. அவரும் போய்க் கடை முன்னால நின்னு நாலு பேரு கேக்கறாப்பல கேட்டுட்டு வந்துட்டாரு. எங்கண்ணன் அதிர்ந்து பேசாத மனுசன். அவரு கேட்டாருன்னா ஊரு நம்பும்.

என்னங்க ஒரு மாதிரியா பாக்கறீங்க? ஜன்னல சாத்தட்டுங்களா, காத்து மூஞ்சில அடிக்குதா? பல்லடம் தாண்டிட்டமுங்க, இனி ரோடு நல்லாருக்கும்.

ரெண்டாவது தடவ எப்படிக் கருகுச்சுன்னா கேக்கறீங்க? கமிட்டிதான் சரி பண்ணிருச்சேங்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. நீங்க கம்ப்யூட்டர் தெரியாதுன்னு சொன்னாலும் வெவரமான ஆளுங்க. அண்ணன் பொட்டிக்கு அந்தப் புதுப் பதிப்பு போகாதுங்க. எவனோ ஒரு பொடியன் மாத்துனதெல்லாம் எங்கண்ணன் பொட்டியில ஏறக் கூடாதுன்னு நாந்தான் பூட்டி வச்சுட்டன். அதுல ஓடறது இன்னிக்கும் என்ர பதிப்பு. சுத்தமான பதிப்பு. கரண்டு வந்த அந்த நொடியே மோட்டாரு கெளம்பிரும். ஒரு செகண்டு நிக்காது.

மத்த முப்பது பேரு பொட்டிங்களா? அதுக்கு நான் பூட்டுப் போடல. அதெல்லாம் தானா புதுசுக்குப் போயிருச்சு. அவங்க மோட்டாரு இப்பக் கருகறதில்லைன்னா, வெயில் கொறைஞ்சிருக்கும்.

ரெண்டு ஏக்கரு சின்ன வெங்காயம், தண்ணியில்லாமச் சுருண்டு போச்சுங்க. முந்நூறு அடியில இருந்து மோட்டாரத் தூக்கி, கட்டி, எறக்கி, ஒரு மாசத்துல மறுபடியும் தூக்கறதுன்னா... அண்ணன் அப்பக் கூட என்னைய ஒண்ணும் சொல்லல. "தம்பி போட்ட பொட்டியில தப்பு இருக்காது"ன்னுதான் சொல்றாரு. அந்த வார்த்த போதுமுங்க எனக்கு.

என்னங்க சொன்னீங்க?

நாச்சிமுத்தா? ஆமா, எங்கண்ணன் பேரு நாச்சிமுத்துதான். நான் பேரச் சொன்னனா? சொல்லலையே. உங்களுக்கு எப்படி...

அப்ப அந்தச் சாக்குல இருக்கறது காயில் கம்பிங்களா.

செரி. செரிங்க. நான் பொதுவாச் சொன்னனுங்க. காயில் கட்டறவங்களப் பொதுவா. உங்களச் சொல்லல. எல்லாத் தொழில்லயும் நல்லவங்க இருப்பாங்க, நான் இல்லைங்கல.

எட்டா? சித்திரையில எட்டு மோட்டாருங்களா உங்க கடைக்கு மட்டும்? எல்லாம் ஒரே மாதிரியா? கெளம்பும்போதே கருகுனதுன்னு கம்பியப் பாத்தே சொல்லிருவீங்களா? ஓகோ.

கரண்டு வந்ததும் ஒரு பேஸு முன்னப் பின்னத்தான் வருமா. வோல்ட்டு ஏறும், எறங்கும். அது நெலைக்கு வர்றதுக்குள்ள மோட்டாரப் போட்டா காயிலு தாங்காது. ஒண்ணரை நிமிசமாச்சும் உடணும்.

அதுக்குத்தான் ஆடும்பீங்களா? நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்களா? கரண்டு ஆடும், அடங்கட்டும்னு. எல்லாரும் சொல்றதுதானா.

எங்களுக்கு அத யாரும் சொல்லலீங்க. எழுதி வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். எழுதித்தான்... ஆமா. எழுதித்தான் வச்சிருந்தா.

கடைக்கு ஆளே வர்றதில்லையா? அண்ணன் கேட்டுட்டு வந்த நாள்ல இருந்தா? எல்லாரும் பல்லடத்துக்குக் கொண்டு போறாங்களா. இல்லீங்க, அவரு கோவத்துல ஏதோ சொல்லிருப்பாரு. மனசுல வச்சுக்காதீங்க. போகப் போகச் செரியாயிரும். ஊரு மறந்துரும்.

பொங்கலூர் வந்துருச்சு போல இருக்குதுங்க. இருங்க, கால எடுத்துக்கறன். நீங்க மொதல்ல எறங்குங்க.

நானா? நான் எதுக்குங்க எறங்கறது? அண்ணன் வீட்டுக்கா, இப்பவா? வந்து என்னன்னு சொல்றது? தப்பு பொட்டியிலதான்னு ஒரே ஒரு வார்த்தையா? உங்க கடை முன்னால நின்னு, அன்னிக்கு அண்ணன் நின்ன அதே எடத்துல நின்னா?

அது எப்படிங்க. திடீர்னு சொன்னா எப்படி. எனக்கு இந்த வேல இருக்குதே, பேப்பரு. மொதல்ல பேர எடுத்துட்டு... அப்பறமா ஒரு நாளு, கட்டாயம், நானே வர்றனுங்க. கையக் காட்டாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க. வண்டிய நிறுத்தி வச்சிருக்காங்க பாருங்க.

எனக்குக் காங்கேயம் வரைக்கும் டிக்கெட்டு எடுத்திருக்குதுங்க.

சாக்க நான் தூக்கித் தர்றன். அம்மாடி, கனம். பாத்துங்க. பாத்து எறங்குங்க.

ரைட், போலாம் போலாம்.

வாங்க, உக்காருங்க, எடமிருக்குது. எதுவரைக்குமுங்க? காங்கேயமா? நானும் அங்கதான். இப்ப எறங்குனாரே, அவருங்களா? தெரிஞ்சவரெல்லாம் இல்லீங்க. என்னமோ சண்ட போட்டுட்டுப் போறாரு, அறிவு அவ்வளவுதான். இதுங்களா? பேப்பருங்க, பதினாலு பக்கம். அது ஒரு பெரிய கதை, சொல்றன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறன், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க என்ன தொழிலுங்க?